கோகம் பட்டர் பாம்: உதட்டுக்கும் பித்தவெடிப்புக்கும் செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

பழத்தில் செய்யும் பாம் (தடவும் களிம்பு) என்றதும் சாற்றைப் பிழிந்து ஊற்றக் கிளம்பிவிடாதீர்கள். கோகம் என்ற புளிப்புப் பழத்தின் சிவந்த தோல் குழம்புக்கும் சர்பத்துக்கும் போய்விடும். நமக்கு வேண்டியது கொட்டைக்குள் இருக்கும் கொழுப்பு, அதுதான் கோகம் பட்டர். கொங்கண், கோவா பக்கம் கொட்டையைக் காயவைத்து, ஓடு நீக்கி இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை வழித்து உருண்டை பிடிப்பார்கள். கோவாவில் அதற்குப் பிரண்டேல் என்று பெயர்.

40 கிராம் பாமுக்கு: தேன்மெழுகு 6 கிராம், கோகம் பட்டர் 10, தேங்காய் எண்ணெய் 14, விளக்கெண்ணெய் 10. எடை மெஷினில் நிறுத்தே போடுங்கள், ஸ்பூன் கணக்கு துருவலுக்குத் துருவல் மாறும். டபுள் பாய்லிங்கில் (கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவது) மெழுகுதான் முதலில், அது உருக 65 டிகிரி வரை ஆகும். பிறகு பட்டர், கடைசியாக எண்ணெய்கள். இறக்கிய பின் ஒரு வைட்டமின் ஈ கேப்சூலைக் குத்தி விடுங்கள். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது.

---

மேலே உள்ள அளவு பெங்களூருக்குச் சரி. சென்னை மே மாதத்தில் டப்பா கைப்பைக்குள் குழைந்துவிடும், ஏனென்றால் கோகம் பட்டரே சுமார் 40 டிகிரியில் உருகிவிடும். மெழுகை 8 கிராம் ஆக்கி, தேங்காய் எண்ணெயை 12 ஆகக் குறையுங்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு ஸ்டீல் ஸ்பூனை ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அதில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். விரலால் தேய்த்தால் இழுக்காமல் படிய வேண்டும். இழுத்தால் மெழுகு அதிகம், கொஞ்சம் எண்ணெய் சேர்த்து மறுபடி சூடாக்கலாம்.

---

மணல் மணலாக வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது கெட்டுப்போனதால் அல்ல. மெதுவாக ஆறும்போது கொழுப்பு பெரிய பெரிய படிகமாக உறைவதுதான் காரணம். முழுக்க உருக்கி, சின்னக் கட்டி கூட இல்லை என்று பார்த்து, டப்பாவில் ஊற்றியதும் ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வையுங்கள். நடுவில் குழி விழுந்தால், கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பதைச் சூடாக்கி மேலே ஊற்றினால் போதும்.

---

கோகம் தோல் ஊறவைத்த தண்ணீரை நிறத்துக்குச் சேர்க்கலாமா? பீட்ரூட் சாறு?

---

இரண்டும் கூடாது சகோ. எண்ணெயோடு ஒட்டாமல் அடியில் போய்த் தேங்கும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். தேனும் இதே கதைதான். நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம்பட்டை கேளுங்கள், தலைக்கு எண்ணெய் காய்ச்சப் போடுவது. அதைத் தேங்காய் எண்ணெயில் போட்டு, சூடான தண்ணீருக்குள் அரை மணி நேரம் வைத்து, துணியில் வடிகட்டினால் நல்ல சிவப்பு வரும். எலுமிச்சை எண்ணெய் வேண்டாம், தோலில் அது இருக்கும்போது வெயில் பட்டால் கருத்துவிடும். மென்தாலும் வேண்டாம். ஜில்லென்று இருக்கும், ஆனால் வெடித்த உதட்டை இன்னும் எரிய வைக்கும்.

---

பூசும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த பாமில் நீர்ச்சத்து கிடையாது, இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடுவதுதான் அதன் வேலை. உதட்டை நனைத்து ஒற்றி எடுத்த கையோடு பூசுங்கள். குதிகாலை வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, தடித்துப் பூசி, சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். முகப்பரு வருகிறவர்கள் கன்னத்தில் தடவ வேண்டாம், தேங்காய் எண்ணெய் அடைக்கும். முதல் தடவை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். வாயின் இரு ஓரங்கள் மட்டும் வெடித்து ஆறவில்லை என்றால் பாமை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பூஞ்சைத் தொற்றாகவோ இரும்புச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் பித்தவெடிப்பை வீட்டு வைத்தியத்தோடு விடவே கூடாது.

---

வாங்கும்போது ஒன்று கவனிக்கவும். நல்ல கோகம் பட்டர் அறை வெப்பத்தில் கல் மாதிரி இருக்கும், உடைத்தால் பட்டென்று துண்டாகும், வாசனை அநேகமாக இருக்காது. கையில் எடுத்ததுமே வழுவழுவென்று குழைந்தால் வேறு கொழுப்பு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாக இருப்பது சுத்திகரித்தது, லேசான மஞ்சளோ சாம்பலோ ஓடினால் நாட்டுச் சரக்கு. பாமுக்கு இரண்டுமே ஆகும்.