பழைய டிஸ்க்குல ஆறரைக் கட்டை, புதுசுல ஆறு: 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' திரும்பப் பார்த்தவங்க சொல்லுங்க

பாளை பேஸ்:
டாக்கிங் ஹெட்ஸ் ராக் குழுவோட கச்சேரிப் படம், எல்லாத்துக்கும் தெரியும், நேரா விசயத்துக்கு வாரேன். பாடகர் டேவிட் பைர்ன் காலி மேடைல டேப் ரெக்கார்டரத் தரையில வச்சுட்டு ஒத்தையா 'சைக்கோ கில்லர்' ஆரம்பிக்கிற இடம். 2023-ல வந்த புதுப்பிப்போட சுருதிப்பெட்டிய ஆறு கட்டைல (மேற்கத்திய A சுருதி) வச்சா கிட்டார் அப்படியே ஒட்டுது. பழைய விசிடில ஒட்டல. ஆறரைக்கு ஒரு மயிரிழை கீழ நிக்கு. புதுசு மந்தமா இருக்குன்னு பாதிப் பேரு சொல்லுதாங்க. மந்தம் இல்ல வே, பழசுதான் ஓட்டமா ஓடிருக்கு.

தச்சை டெக்:
சரியாச் சொன்னீய. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், நம்மூரு டிவி முறை PAL, அது 25. மாத்துனவங்க 24-ஐ அப்படியே 25-ஆ ஓட்டிருவாங்க. வேகம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல கூடும். நிமிசத்துக்கு 120 அடி போற தாளம் 125 ஆகும், சுருதி அரைக்கட்டைல முக்கால்வாசி ஏறும். சந்தேகம்னா நேரத்தப் பாருங்க: 88 நிமிசப் படம் 84½ காட்டுனா அந்தக் கோளாறுதான்.

வேகத்த 0.96-க்கு இறக்குனா மட்டும் போதாது. கம்ப்யூட்டர்ல படம் ஓட்டுற விஎல்சி பிளேயர் சுருதிய மாறாமப் பிடிச்சு வச்சுக்கும், தாளம் குறையும், கட்டை குறையாது. ஆடியோ செட்டிங்ஸ்ல 'டைம் ஸ்ட்ரெச்சிங்' டிக்க எடுத்துட்டு அப்புறம் 0.96 வைங்க. நிரந்தரமா மாத்தணும்னா விசிடி ஆடியோவ நொடிக்கு 44100 சாம்பிளுக்குப் பதிலா 42336-னு, டிவிடின்னா 48000-க்குப் பதிலா 46080-னு வாசிக்க வச்சு, படத்த 24-க்குக் கொண்டாங்க. ஒண்ண மாத்தி ஒண்ண விட்டா வாயசைவு ஒட்டாது.

குறுக்குத்துறை:
அண்ணாச்சி, கட்டைய விடுங்க. மொட்டமாடில ரேடியோ செட்டு வச்சுப் போடுறப்ப பைர்ன் வாயசைக்கிறாரு, குரலக் காணும். தூரத்துல எதிரொலி மட்டும் கேக்கு. அதுக்கு வழி சொல்லுங்க.

டவுண் மிக்சர்:
பிளேயர் 5.1 டிராக்க, அதாவது ஆறு சேனல் ஒலிய எடுத்திருக்கும். அதுல குரல் பெரும்பாலும் நடு சேனல்ல. ஆம்ப்ளிஃபயருக்கு இடது, வலது ரெண்டு வயரு மட்டும் போனா நடு எங்க போகும்? ஆடியோ மெனுல ஸ்டீரியோ டிராக்க எடுங்க, இல்லாட்டி பிளேயர் அவுட்புட்ட ரெண்டு சேனலுக்கு மாத்துங்க.

அதுக்கப்புறமும் குரல் பொக்கையாக் கேட்டா ஒரு பெட்டில சிவப்பு, கருப்பு மாறிக் கெடக்கு. ஆம்ப்ளிஃபயர்ல இருந்து வயரக் கழட்டிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியோட பிளஸ சிவப்புலயும் மைனஸ கருப்புலயும் ஒரு நொடி தொடுங்க. கோன் வெளிய தள்ளணும். ரெண்டு பெட்டியும் ஒரே பக்கம் தள்ளுதான்னு பாருங்க.

இன்னொண்ணு, யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். கோயில் கொடைக்குக் கட்டுற குழாய் ஸ்பீக்கர்ல இந்தப் படத்தப் போடாதீங்க. ரெண்டாவது பாட்டு 'ஹெவன்'ல மேடைல ரெண்டே பேரு: பைர்ன் கிட்டார், டீனா வேமத் பேஸ். பேஸோட தடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். குழாய்ல 300-க்குக் கீழ பேருக்குத்தான் வரும். பாட்டுல பாதி அங்கயே செத்துரும். வில்லுப்பாட்டுக்குக் குழாய் போதும், இதுக்கு 15 இஞ்ச் பேஸ் பெட்டி ரெண்டு வேணும். பெட்டியச் சுவரோரம் மூலைல தள்ளுனா பேஸ் கூடும், ஆனா கடகடங்கும். ரெண்டடி முன்னால இழுத்துப் போடுங்க.

மேலப்பாளையம்:
பெட்டி சரியா இருந்தாத்தான் இன்னொரு குட்டும் வெளிப்படும். முதல் பாட்டுத் தாளம் அந்த டேப் ரெக்கார்டர்ல இருந்து வரல. ரோலண்ட் 808 டிரம் மெசின், மிக்சிங் போர்டு வழியா வந்தது. அத்தினிக்காணு ரெக்கார்டர் அம்புட்டு பெரிய அடி போடுமா? விசிடில இது தோணவே தோணாது.

ஆனா திரும்பப் பாக்க வேண்டிய படம் இது இல்லங்கேன். பிங்க் ஃபிளாய்டு ராக் குழு இத்தாலில பாம்பெயி இடிபாட்டுல வாசிச்ச படம்தான். 1971 அக்டோபர், ஆளில்லாத அரங்கம். 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்'ல டிரம்மர் நிக் மேசன் கைக்குச்சி நழுவி விழும், தாளம் அறாம வேற குச்சி எடுத்துருவாரு. விசிடியோட 352க்கு 288 புள்ளில அது வெறும் மங்கல். 2025 புதுப்பிப்புல குச்சி தெளிவாத் தெரியும்.

தச்சை டெக்:
பாம்பெயிக்குத் தனித் திரி போடும் வே.

பாளை பேஸ்:
சுருதிப்பெட்டி இல்லாதவங்க முதல் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னால பைர்ன் பேசுறதக் கேளுங்க. பழைய டிஸ்க்குல பள்ளிக்கூடத்துப் பையன் குரல் மாதிரி இருக்கும். 0.96-ல வச்சா வளந்த ஆளு பேசுதாரு.