பேச்சு தாமதமாகிறதே என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள்

சின்னக் குழந்தையோடு புதிதாக வெளிநாடு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகளை மழலையர் பள்ளியில் சேர்த்த முதல் மாதமே, "வீட்டிலும் இந்த ஊர் மொழியிலேயே பேசுங்கள், இல்லாவிட்டால் குழம்பிப்போவாள்" என்றார்கள். பயந்துபோய் நான்கு மாதம் அப்படியே செய்தோம். எனக்கோ அந்த மொழியில் வா, உட்கார், தொடாதே என்று சொல்லத்தான் வரும். கொஞ்ச வராது, கதை சொல்ல வராது. வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவதும் இயல்புதான். குழந்தைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். பள்ளியில் சில வாரங்கள், சில நேரம் சில மாதங்கள்கூட வாய் திறக்காமல் இருக்கலாம். வீட்டில் தமிழில் தாராளமாகப் பேசுகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் என்ன செய்வது? குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். பேசிவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணும் வரை பொறுப்பது கடினம். ஆனால் குழந்தையின் பதில் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. "கார்" என்றால், "ஆமாம், சிவப்புக் கார் போகிறது" என்று ஒரு படி நீட்டிச் சொல்லுங்கள். "மயை" என்றால் திருத்த வேண்டாம். "ஆமாம், மழை பெய்கிறது" என்றால் போதும். ழகரம் தாமதமாக வரும் ஒலி. விருந்தினர் முன் நிறுத்தி "இது என்ன, சொல்லு" என்று தேர்வு வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

முழு வாக்கியமாகப் பேசுவது தமிழில் இன்னும் முக்கியம் என்பது என் கருத்து. எடுத்தேன், எடுக்கவில்லை, பெட்டிக்குள், பெட்டிமேல் என்று நம் மொழியில் பொருள் சொல்லின் கடைசியில் மாறுகிறது. வெறும் பெயர்களை மட்டும் கேட்கும் குழந்தைக்கு அது பிடிபடாது. குளிப்பாட்டும்போது, சட்டை மாட்டும்போது, துணி மடிக்கும்போது செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

தமிழ்ப் பாட்டு வீடியோவைப் போட்டுவிட்டால் மொழி வந்துவிடாது. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் அமெரிக்க அறிஞர் பாட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் ஒருவர் பேசிய சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதையே திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவது வேறு. அவர்கள் குழந்தையின் முகம் பார்த்துப் பதில் சொல்கிறார்கள்.

ஆனால் "இரண்டு மொழி, அதனால் தாமதம்" என்று சொல்லிக் காலம் கடத்தவும் கூடாது. ஒரு வயதாகியும் மழலை ஒலிகள் இல்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொற்களைச் சேர்ப்பதில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் உடனே போங்கள். முதலில் செவித்திறனைச் சோதிக்கக் கேளுங்கள்; சளிக்குப் பின் நடுச்செவியில் நீர் தேங்கினாலும் குழந்தைக்குச் சரியாகக் கேட்காது. பேச்சுப் பயிற்சியாளரிடம் தமிழையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். போகும் முன் ஒரு வாரம் குழந்தை சொல்லும் சொற்களை எல்லா மொழியிலும் குறித்துக்கொண்டு, விளையாடும்போது பேசுவதையும் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில், புதிய முகத்தின் முன் பல குழந்தைகள் வாயே திறக்காது.