120 ரூபாய் கவிதைப் புத்தகத்துக்கு 70 ரூபாய் கூரியரா?

தேனி வாசகி:
சின்னப் பதிப்பகம் ஒன்றில் 96 பக்கக் கவிதைத் தொகுப்பு கேட்டிருந்தேன். விலை 120. வாட்ஸ்அப்பில் வந்த கணக்கில் கூரியர் 70 சேர்த்து 190 என்று இருந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் போட்டித்தேர்வு கைடுதான் கிடைக்கும். கவிதை வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வரவழைத்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் இப்படிக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. செலவு குறைய வழி இருக்கிறதா?

பார்சல் கட்டுபவன்:
தோழர், மதுரையில் சின்ன அளவில் புத்தகம் விற்கிறேன். பார்சலும் நானேதான் கட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பு அஞ்சல் துறையில் புத்தகங்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் 'பதிவு நூல் அஞ்சல்' இருந்தது. 2024 டிசம்பரில் அதை நிறுத்தினார்கள். முதலில் அடிபட்டது ஒற்றைப் புத்தகம் வாங்குபவர்கள்தான். விற்பவர்களில் பலர் கூரியருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஆனால் 2025 மே 1 முதல் அஞ்சல் துறையில் புத்தகம் அனுப்புவதற்கென்று 'கியான் போஸ்ட்' சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் நாள் கூடும். டிராக்கிங் எண் உண்டு. 96 பக்கப் புத்தகம் அட்டையோடு கட்டினாலும் 300 கிராமைத் தொடாது. அதே செலவில் இன்னொரு மெல்லிய தொகுப்பையும் உள்ளே வைத்துவிடலாம். ஆகவே ஆர்டர் போடும்போதே 'கியான் போஸ்டில் அனுப்புங்கள், தாமதமானால் பரவாயில்லை' என்று எழுதிவிடுங்கள்.

கட்டும் செலவை மட்டும் பேரம் பேசாதீர்கள். வெறும் கவரில் போட்டால் புத்தகத்தின் முனை மடங்கித்தான் வரும். இரண்டு பக்கமும் புத்தகத்தைவிட ஒரு விரற்கடை பெரிய அட்டை, மழைக்காலத்தில் உள்ளே பிளாஸ்டிக் உறை, நாலு மூலைக்கும் டேப். இதற்குப் பத்துப் பதினைந்து ரூபாய் கேட்பது நியாயம். அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதை அனுப்பும் கட்டணத்துக்கு உண்டு. எனக்கு இது ஆறவே இல்லை.

கரிசல்:
பார்சல் அண்ணே, சிற்றிதழும் இதில் போகுமா? எங்கள் இதழில் கடைசிப் பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் வரும்.

பார்சல் கட்டுபவன்:
அந்த விளம்பரத்தோடு ஏற்க மாட்டார்கள் தம்பி. நூல் பட்டியல் போன்றவை இருந்தால் தடையில்லை. அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் உள்ளே அச்சாகியிருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியகுளம் ராணி:
தேனி வாசகி, நான் பக்கத்து ஊர்தான். அடுத்த மாதம் நாலைந்து புத்தகம் வரவழைக்கப் போகிறேன். உங்கள் பட்டியலையும் அனுப்புங்கள், ஒரே பார்சலாகச் சொல்லிவிடலாம்.

தேனி வாசகி:
அனுப்புகிறேன் அக்கா. பதிப்பகத்தில் கேட்டேன், கியான் போஸ்டில் போடச் சம்மதித்துவிட்டார்கள். கட்டும் செலவோடு 155 ஆகிறது.