புதுப்பிப்பு: நையாண்டி மேளப் பாட்டு மாஸ்டரிங், தவில் அடி திரும்பக் கிடைத்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உசிலம்பட்டிப் பக்கம் பதிவு செய்த நையாண்டி மேளப் பாட்டை மாஸ்டரிங் (வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீராக்கும் வேலை) செய்து யூடியூபில் ஏற்றினால் சப்பென்று இருக்கிறது, தவில் அடியே விழவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

காரணம் லிமிட்டர்தான் (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் உச்சிகளை அமுக்கும் கருவி). சத்தம் வேண்டுமென்று மைனஸ் 7 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்கினால் சத்தம் அதிகம்) வரை நசுக்கியிருந்தேன். யூடியூப் அதை மைனஸ் 14 அளவுக்கு இறக்கிவிடுகிறது. அடியின் கூர்மை போனது போனதுதான். "லிமிட்டர் 2 டெசிபலுக்கு மேல் பிடிக்க வேண்டாம், மைனஸ் 12 போதும்" என்ற யோசனைதான் பலித்தது. ட்ரூ பீக் (ஒலி தொடும் உச்ச அளவு) மைனஸ் 1 டெசிபல். ஈக்வலைசரில் பேஸைக் கூட்டியது உதவவில்லை, லிமிட்டர் அதைத்தான் முதலில் அமுக்கியது.

எதிர்பாராதது ஒன்று. லிமிட்டரைத் தளர்த்தியதும் நாதசுரம் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காதைக் குத்தியது. இத்தனை நாள் அந்த நசுக்கலில் மறைந்து கிடந்திருக்கிறது. மாஸ்டரில், அதாவது முழுப் பாட்டிலும் சேர்த்து, அதை வெட்டினால் தவிலின் வலந்தலையும் (வலப்பக்கம்) மங்குகிறது. அதனால் கருவிகள் தனித்தனி ட்ராக்காக இருக்கும் மிக்ஸுக்கே திரும்பிப் போய், நாதசுர ட்ராக்கில் மட்டும் 3 டெசிபல் குறைத்தேன்.

நேற்று மாட்டுத்தாவணியில் நண்பனின் ஷேர் ஆட்டோ ஸ்பீக்கரில் போட்டோம். தவிலின் தொப்பி (இடப்பக்கம்) தனியாக, வலந்தலை தனியாகக் கேட்கிறது. தவில் வாசித்த அண்ணனும் கேட்டுவிட்டு, "இப்பதான்டா என் கை கேக்குது" என்றார்.