காட்டுல பார்த்ததுல இன்னும் மனசை விட்டுப் போகாதது எது?

கோத்தகிரிக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். நீலகிரியில அவலாஞ்சி, ஜனவரி, காலை ஆறரை மணி. புல் பூரா உறைபனி, கால் வச்சா நொறுக்குனு சத்தம். இந்த மொட்டைப் புல்மேடெல்லாம் எவனோ மரத்தை வெட்டிட்டுப் போன இடம்னுதான் நாப்பது வயசு வரைக்கும் நெனச்சிருந்தேன், மலையிலேயே பொறந்து வளர்ந்தும். மடிப்புல இருந்த சோலைக்குள்ள ரெண்டு எட்டு வச்சேன். பனியே இல்ல, பாசியிலேர்ந்து தண்ணி சொட்டிட்டிருக்கு. திரும்பி வெளிய வந்தா, ஓரத்துப் புல்லுக்குள்ள ஒரு சாண் உயரத்துல ஒரு மரக்கன்னு. இலை கருகி நின்னுச்சு. விரல் பட்டதும் அப்பளம் மாதிரி உதிர்ந்துச்சு. சோலை வருஷா வருஷம் வெளிய ஒரு கால் வச்சுப் பார்க்குது, பனி வருஷா வருஷம் கருக்கி விடுது. அந்த இலையோட தூள் இன்னும் விரல்ல ஒட்டியிருக்கிற மாதிரியே இருக்கு.

தில்லைவாசி:
பிச்சாவரம். எல்லாரும் போயிருப்பீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். வாய்க்கால் குறுகின இடத்துல முகத்துல இடிச்ச ஒரு கிளையை ஒடிக்கப் போனேன். படகுக்காரர் துடுப்பை அப்படியே விட்டுட்டு என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டார். "தில்லை சார் அது, கண்ணு போயிடும்." பாதி ஒடிஞ்ச காம்புல வெள்ளையா ஒரு சொட்டுப் பால் தொங்குது. விழவும் இல்ல, காயவும் இல்ல. சிதம்பரத்துல இருவது வருஷம் குடியிருந்து தில்லைக் கூத்தன், தில்லை நாயகம்னு வாய் ஓயாம சொன்னவன் நான். அந்த மரத்தைப் பார்த்தது அன்னிக்குத்தான்.

வால்பாறை வண்டி:
கோத்தகிரி அண்ணே, பனி மட்டும்தான் காரணம்னு முடிச்சுட்டீங்களே! மண்ணு, காத்து, தீ எல்லாம் இருக்கு. அதைவிட, புல்வெளியை வீண் நிலம்னு சொல்லி வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து சுதந்திரத்துக்கு அப்புறம் வரைக்கும் சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டுத் தள்ளினாங்களே, அதைச் சொல்லாம விட்டா எப்படி? ஆஸ்திரேலியாக்காரச் சீகைக்கு உங்க பனி ஒரு பொருட்டா?

என் அனுபவம் சின்னது. இருவாச்சிப் பறவை. தலைக்கு மேல ரயில் இன்ஜின் மூச்சு விடுற மாதிரி ஒரு சத்தம், அண்ணாந்து பார்க்கிறதுக்குள்ள போயிடுச்சு. அவ்வளவுதான்.

மழைக்காட்டுக்கு வர்றவங்க கொஞ்சம் கேட்டுக்கோங்க. ஜூன்லேர்ந்து அட்டை. ஷூவை நம்பாதீங்க, துணி உறையை முழங்கால் வரைக்கும் இழுத்துக் கட்டுங்க. காலுறையில சோப்புக் கட்டியை வறட்டுன்னு தேய்ச்சுக்கலாம், புகையிலைத் தண்ணியும் கேட்கும். நின்னு போட்டோ எடுக்காதீங்க, நின்னாத்தான் ஏறும். கடிச்சா ஒரு சிட்டிகை உப்பு போடுங்க. ரத்தம் ரொம்ப நேரம் நிக்காது, பயப்பட வேண்டாம், அது உறையாம இருக்க அட்டையே மருந்து வச்சுட்டுத்தான் போகும். வெள்ளை பேன்ட் போட்டு வராதீங்க. எங்க சித்தப்பா வந்தார்.

வவுனியா பொடியன்:
அண்ணை, உப்பு போடாதேங்கோ. அட்டை குடிச்சதைக் காயத்துக்குள்ளையே கக்கும். அட்டையின்ரை வாய் ஒட்டின இடத்திலை நகத்தாலை தள்ளி விட்டாப் போதும்.

நான் பாலை, வீரை, முதிரை எண்டு வரண்ட காட்டிலை வளர்ந்தனான். முதல்முதல் தெற்கிலை இருக்கிற சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போகேக்கை ஒரு பத்து நிமிசம் ஒண்டுமே இல்லை, மழை மட்டும். பிறகு திடீரெண்டு சுத்திவரக் குருவிகள், ஏழெட்டு வகை, ஒரே கூட்டமா. மேலை ஒண்டு, கீழை ஒண்டு, என்ரை தோளுக்குப் பக்கத்திலை ஒண்டு. ஐஞ்சு நிமிசத்திலை முழுக்கப் போயிட்டுது. திரும்பவும் மழை. அதே சின்னத் தீவுதான், ஒரு பகல் பஸ் ஓட்டம்.

உட்லண்ட்ஸ் மாமா:
எல்லாரும் எதையாவது பார்த்திருக்கீங்க. நான் பார்க்காததைச் சொல்றேன். பாலியிலேர்ந்து லொம்போக்குக்கு ஃபெரி. இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸ் 1856ல கடந்து போன அதே நீரிணை. ஆசியாக் காடு பாலியோட முடியுதுன்னு படிச்சுட்டுப் போயிருந்தேன். பனியுகத்துல கடல் சுமார் 120 மீட்டர் இறங்கினப்போ பாலி, ஜாவா, நம்ம மலாயா எல்லாம் ஒரே தரை. இந்த நீரிணை மட்டும் அதைவிட ஆழம், வத்தவே இல்ல. அதனால புலி பாலி வரைக்கும் வந்துது, 1937ல கடைசியா ஒண்ணைச் சுட்டாங்க. லொம்போக்கில புலியே கிடையாது. கம்பியைப் பிடிச்சுட்டு மணிக்கணக்கா தண்ணியையே வெறிச்சேன். இந்தப் பக்கமும் நீலம், அந்தப் பக்கமும் நீலம். பக்கத்துல ஒருத்தர் மீகோரெங் சாப்பிட்டுட்டிருந்தார். அவர்கிட்ட சொல்லலாமான்னு பார்த்தேன், சொல்லல.

வேதாரண்யம் உப்பு:
உங்க மழைக்காட்டுச் சண்டையில கோடியக்கரையை யாரும் கணக்குலயே சேர்க்கல. வவுனியாத் தம்பி, நீங்க சொன்ன பாலை இங்கயும் இருக்கு, கடல்தான் நடுவுல.

மே மாசம், மதியம், வெளிமான் கிடா ஒண்ணு. கானல்ல காலே தெரியல, முறுக்குக் கொம்பும் உடம்பும் மட்டும் அந்தரத்துல நிக்குது. வண்டியை நிறுத்தினேன். அது என்னைப் பார்த்துச்சு. அப்புறம் அந்தரத்துலயே நடந்து வேலிகாத்தானுக்குள்ள போயிடுச்சு.

அட்டை கிடையாது. வெள்ளை பேன்ட்லயே வரலாம்.