வரிசை மாற்றாமல் கேட்க வேண்டிய ஆல்பங்கள் எவை?

நாஞ்சில்செவி (பார்வதிபுரம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 1980-களின் தொடக்கத்தில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தாய்மாமா கொண்டுவந்த டூ-இன்-ஒன் பெட்டியில்தான் நான் பாட்டுக் கேட்கத் தொடங்கினேன். அன்று நாகர்கோவில் கடைகளில் வாங்கிய கேசட்டுகளில் பெரும்பாலும் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் என்றிருக்கும். அது போதாதென்று, பிடித்த பாட்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்து வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்குவோம். நாற்பது நிமிட நேரத்தை ஒரே படைப்பாக எண்ணி, இதற்குப் பின் இதுதான் வரவேண்டும் என்று ஒரு கலைஞர் வரிசைப்படுத்தித் தருவார் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. ஆகவே என் கேள்வி இதுதான்: வரிசையை மாற்றினால் உயிர் போய்விடும் என்று சொல்லத்தக்க ஆல்பங்களாக நீங்கள் எவற்றைக் கருதுகிறீர்கள்? எந்த நாட்டு இசையாகவும் இருக்கலாம். முதலில் என் கருத்துகளைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. படமும் இல்லை, பாடல் வரிகளும் இல்லை. தியாகராசருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) காணிக்கையாக 1986-இல் வெளிவந்த அந்தக் கேசட்டில் எனக்குப் பிடித்த பாட்டு எது என்று தேடித் தோற்றுப்போனேன். பாக்கின் வயலின் இசை ஒன்று தன் உருக்குலையாமல் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் நம் ஊர் இசை வந்து உட்காரும் இடம் ஒன்று அதில் உண்டு. அதைத் தனியே கேட்டால் திறமையான வித்தையாகத் தெரிகிறது. மற்றவற்றின் நடுவில் கேட்டால் இரண்டு பெரியவர்கள் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவதைப்போல் இருக்கிறது.

என் பட்டியலில் தலையாயது அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959-ஆம் ஆண்டு மார்ச்சில் ஒருநாள், ஏப்ரலில் ஒருநாள் என்று இரண்டே நாள் ஒலிப்பதிவில் முடிந்த ஆல்பம் அது. அதன் முதல் உருப்படியான ‘சோ வாட்’ பெரும்பகுதி நம் கரகரப்பிரியா இராகத்தின் சுரங்களிலேயே நிற்கிறது. முப்பத்திரண்டு தாளக்கட்டுகளில் முதல் பதினாறு ஓரிடத்தில் நின்று, அடுத்த எட்டுக்கு மட்டும் ஆதார சுருதியே அரைச்சுரம் மேலேறி, கடைசி எட்டுக்குப் பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு முதல்முறை காலடியில் தரை நகர்ந்ததுபோலத் தோன்றும். என் பழைய பிரதியோடு சுருதிப்பெட்டியைச் சேர்க்க முயன்றபோது, முதல் பக்கம் மட்டும் சற்று ஏறியே நின்றது. கோளாறு என் பெட்டியில்தான் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். முதல்நாள் ஒலிப்பதிவில் நாடா சற்று மெதுவாக ஓடியதால், இயல்பான வேகத்தில் போடும்போது சுருதி ஏறிவிட்ட பிழை அது என்றும், 1990-களின் மறுவெளியீடுகளில்தான் அது திருத்தப்பட்டது என்றும் பின்னால் படித்தபோது, அந்தப் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது.

ஆங்கிலேய ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைடு ஆஃப் த மூன்’ (1973) இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே முடிகிறது. இடையில் ‘மனி’ என்ற பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடப்பதையும், கிட்டார் தனியாக வாசிக்கும்போது மட்டும் நான்குக்கு மாறுவதையும் விரல்விட்டு எண்ணிப்பாருங்கள். அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டை எடுத்துவிட்டால் சுவரில் ஒரு கல்லை உருவியதைப்போல் ஆகிவிடும். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ (1982) அப்படியல்ல. அதில் உள்ளவை அருமையான பாட்டுகள். எந்த வரிசையில் போட்டாலும் அருமையாகவே இருக்கும்.

கிளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ இரண்டு ஒலிப்பதிவுகளாகக் கிடைக்கிறது. நான் 1955-இல் பதிவானதையே விரும்புகிறேன். அதன் துள்ளல் 1981-இல் பதிவானதில் இல்லை. ‘கால் ஆஃப் த வேலி’ (1967) என்ற இந்துஸ்தானி வாத்திய ஆல்பத்தைப் பற்றிப் பலர் உயர்வாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாசிப்பில் குறையே இல்லை. ஆனால் ஒவ்வொரு இராகமும் கண்விழித்து எழும்போதே முடிந்துவிடுவது எனக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது.

திரைப்பாட்டிலேயே வளர்ந்ததால், முழு ஆல்பத்தைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் நம்மிடம் உருவாகவே இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

சபைக்கீபோர்டு (மார்த்தாண்டம்):

அண்ணாச்சிக்கு வணக்கம். ஞாயிறுதோறும் ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையில் கூல்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். வரிசைதான் உங்கள் அளவுகோல் என்றால், நீங்கள் 1981-ஐத்தான் தேர்ந்திருக்க வேண்டும். அந்தப் படைப்பில் தொடக்கத்தில் ஏரியா (aria) என்னும் மூல உருப்படி, பின் அதன் மாறுபட்ட வடிவங்களான முப்பது வேரியேஷன்கள், முடிவில் மீண்டும் அதே ஏரியா என்று முப்பத்திரண்டு பகுதிகள் உள்ளன. ஏரியாவுக்கும் முப்பத்திரண்டு தாளக்கட்டுகள். 1955-இல் இளைஞரான கூல்ட் ஒவ்வொரு வேரியேஷனையும் அதற்குத் தோன்றிய வேகத்தில் பறக்கவிட்டார். 1981-இலோ, முழுப்படைப்புக்கும் அடியில் ஒரே நாடித்துடிப்பு ஓடுமாறு, ஒன்றின் வேகத்திலிருந்து அடுத்ததன் வேகம் பிறக்கும்படி கணக்கிட்டு வாசித்தார். ஆகவே அங்கே ஒரு வேரியேஷனை இடம் மாற்றினால் கணக்கே குலைந்துவிடும்.

முதல் பதிவு ஏறத்தாழ 38 நிமிடம், இரண்டாவது ஏறத்தாழ 51 நிமிடம் என்பதைப் பார்த்து இரண்டாவது முழுக்க மந்தமானது என்று பலர் எண்ணுகிறார்கள். 1955-இல் விட்டுவிட்ட மறுவாசிப்புகளில் (ஒரே பகுதியை இரண்டாம்முறை வாசிப்பது) சிலவற்றை 1981-இல் அவர் சேர்த்துக்கொண்டதும் அந்த நீளத்துக்கு ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு பதிவுகளும் உங்கள் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வும் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் முப்பதாவது தெரு ஒலிப்பதிவுக் கூடத்திலேயே பதிவாயின. அந்தக் கூடம் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். உயரமான கூரையின் கீழ் வாசித்துப் பழகியவர்களுக்கு, ஒரு சுரத்தை நிறுத்திய பின்னும் அது சற்றுநேரம் காற்றில் நிற்பதன் அருமை தெரியும். அந்த மூன்று பதிவுகளிலும் அந்த நிற்றலை நான் கேட்கிறேன்.

வில்லுக்குடம் (சுசீந்திரம்):

அண்ணாச்சி, உங்கள் கடைசிக் கருத்தை நான் மறுக்கிறேன். முழுமையாகக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை என்று நம் மாவட்டத்திலிருந்தே ஒருவர் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்? காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், அதன்பின் கதை, கடைசியில் வாழி பாடுதல் என்று இரவெல்லாம் நீளும் அந்த நிகழ்ச்சியில் யாரும் எதையும் இடம் மாற்றிக் கேட்டதில்லை. கதையில் தெய்வம் பிறக்கும் கட்டமும் மாளும் கட்டமும் எப்போது வரும் என்பதைப் பொறுத்தே சாமியாடியின் ஆட்டமும் அமைகிறது. வரிசை மாறினால் உயிர் போய்விடும் என்றீர்களே, அதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கரகரப்பிரியா பற்றியும் ஒரு சொல். சுர வரிசை ஒன்றுதான் என்பதை ஏற்கிறேன். ஆனால் சுரங்களை அசைத்துப் பாடும் கமகமும் இராகத்துக்கே உரிய பிடிகளும் இல்லாமல் அது இராகமாகிவிடாது. ‘சோ வாட்’டைக் கரகரப்பிரியா என்று அறிமுகப்படுத்தினால், கேட்கப்போகிறவர் இல்லாத ஒன்றைத் தேடி ஏமாறுவார்.

என் பரிந்துரை 1976-இல் வெளிவந்த ‘ஷக்தி’ குழுவின் முதல் ஆல்பம். ஜான் மெக்லாப்ளினின் கிட்டார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, ஆர். ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயகராமின் கடம் என்று அமைந்த அந்தக் குழு 1975 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நேரடியாக வாசித்ததன் பதிவு அது. மற்றவர்கள் கிட்டாரின் வேகத்தைப் புகழட்டும். நான் கடத்தைத்தான் கேட்கிறேன். விநாயகராம் விரலாலும் உள்ளங்கையாலும் வாசிப்பது ஒரு கலை. நம் வில்லுப்பாட்டுக் குடக்காரர் பானை வாயில் மட்டையால் அறைந்து ‘கும்’ என்ற ஓசையை எழுப்புவது வேறொரு கலை. ஆனால் சுட்ட மண்ணுக்குள் அடைபட்ட காற்று பேசும்போது எழும் அந்த அடிவயிற்று ஒலி இரண்டிலும் ஒன்றுதான். அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் கொடை நடக்கும் ஊரை நோக்கி இருட்டில் நடந்துபோகும் நினைவு எனக்கு வருகிறது.

தக்கலை வாசகி:

நாஞ்சில்செவி அண்ணன் ‘கால் ஆஃப் த வேலி’க்குச் சொன்ன தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்து எங்கள் பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லாதிருந்தபோது, மின்கலத்தில் ஓடும் பழைய பெட்டியும் அந்த ஒரே கேசட்டும்தான் என் கையில் இருந்தன. ரப்பர் மரங்கள் முறிந்து கிடந்த தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மின்கலம் தீர்ந்துவிடக் கூடாதே என்று நாளுக்கு ஒருமுறை மட்டும் அதைக் கேட்டேன்.

சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ்பூஷண் காப்ராவின் கிட்டார் மூன்றும் சேர்ந்து காசுமீரத்து ஆட்டிடையர் ஒருவரின் ஒருநாளைச் சொல்கின்றன. காலையில் நம் சக்கரவாகத்தை ஒத்த ஆஹிர் பைரவ் வருகிறது; பகல் சாய்ந்தபின் நம் மோகனத்தை ஒத்த பூப் வருகிறது; இரவு கவிந்தபின் பகாடியில் முடிகிறது. இராகம் விரியவில்லை என்று குறைப்படுவது, பொழுது நிற்காமல் போகிறதே என்று குறைப்படுவதற்குச் சமம். நேரத்தையே வரிசையாகக் கொண்ட ஆல்பத்தை உங்கள் பட்டியலிலிருந்து எப்படி விலக்கினீர்கள்?

அதே சௌராசியா 1988-இல் இளையராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். முதலாவதில் புல்லாங்குழல் மற்ற இருவருக்கும் இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறது, இரண்டாவதில் ஓர் இசைக்குழு முழுவதும் அதற்கு இடம்விட்டு நிற்கிறது.

நாஞ்சில்செவி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு கூல்டின் 1981 பதிவை முதலிலிருந்து கேட்டேன். மார்த்தாண்டம் தம்பி சொன்ன நாடித்துடிப்பை ஏழெட்டு வேரியேஷன்கள் கடந்த பிறகே என்னால் பிடிக்க முடிந்தது. பிடித்தபின் விட முடியவில்லை. வரிசை என்ற அளவுகோலில் அவர் சொன்னதே சரி. ஆனாலும் மனம் சோர்ந்த நாளில் நான் எடுப்பது 1955-ஆகத்தான் இருக்கும்.

வில்லுப்பாட்டை நான் மறந்தது பெரிய பிழை. எங்கள் ஊர்க் கொடையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. கொடையில் கூட்டத்தைப் பார்த்து, சாமியாடியைப் பார்த்து, வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவரான அண்ணாவி கதையை நீட்டவும் குறுக்கவும் முடியும். இசைத்தட்டில் அந்த வசதி இல்லை. ‘ஷக்தி’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் ஏறத்தாழ 29 நிமிட உருப்படி ஒன்றே நிறைத்திருக்கிறது. எதிரே இருந்த கூட்டத்துக்காக அன்று அவர்கள் நீட்டிய நீட்டல் அப்படியே உறைந்து நமக்கு வந்திருக்கிறது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று சுசீந்திரத்துக்காரர் சொல்ல வேண்டும்.

தக்கலைத் தங்கைக்கு: ‘கால் ஆஃப் த வேலி’யை நான் எப்போதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்தான் கேட்டிருக்கிறேன். இந்த வாரம் அதிகாலையில் தொடங்கி, ஒவ்வோர் உருப்படியையும் அதற்குரிய பொழுதில் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.