சத்தமில்லாமல் ஓடின தண்ணீர்: பாத்ரூமில் நீங்களே கைவைத்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கோ

கொழும்பு வெள்ளவத்தை, தொடர்மாடியில் நாலாம் மாடி. இரண்டு மாதமாகத் தண்ணீர் பில் ஏறிக்கொண்டே வந்தது. யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும் என்பதால், கொஞ்சம் ஒழுகினாலே பில் எங்கேயோ போய் நிற்கும். அம்மா பிள்ளைகளின் குளியலைக் குறை சொன்னா, பிள்ளைகள் வோஷிங் மெஷினைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு இரவு எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டுக் கீழே இறங்கி எங்கள் மீட்டரைப் பார்த்தேன். அதிலுள்ள சின்னச் சக்கரம் ஆறுதலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தெரிந்த பைப் பாஸ் (குழாய் வேலை செய்பவர்) ஒருவரைக் கூப்பிட்டோம். கொமோட் தாங்கியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், முழு செட்டும் மாற்ற வேண்டும் என்றார், "ஹெட்ட என்னம்" (நாளைக்கு வாறேன்) என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அந்த "ஹெட்ட" இன்றுவரை விடியவில்லை.

பிறகு நானே இறங்கினேன். கேசரிக்குப் போடுகிற கலர்ப் பவுடரைத் தாங்கியில் கரைத்துவிட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் இருபது நிமிடம் விட்டேன். கொமோட்டுக்குள் செம்மஞ்சள் தண்ணீர். அப்ப தாங்கியின் அடிவாயை மூடுகிற ரப்பர் வொஷர்தான் கள்ளன்! மெயின் வால்வைப் பூட்டி, தாங்கியை வெறுமையாக்கி, பட்டன் பூட்டியிருக்கும் நடுப்பகுதியை இடப்பக்கம் கால் திருப்புத் திருப்ப அப்படியே கையோடு வந்தது. வொஷர் விறைத்துப்போய், ஓரமெல்லாம் பாசி.

இதுவரைக்கும் கெட்டித்தனம். பழையதை வீட்டில் வைத்துவிட்டு காலி வீதிக் கடையில் "இந்தளவு" என்று விரலால் காட்டி வாங்கி வந்தேன் பாருங்கோ, அதைப் போட்டதும் முன்பைவிட மோசமாக ஓடியது. அடுத்த நாள் பழையதைக் கையில் கொண்டுபோனேன். கடைக்காரர் அதை ஒரு தரம் பார்த்தார், சரியானதை எடுத்துத் தந்தார். பத்து நிமிட வேலைக்கு எனக்கு இரண்டு நாள்.

மாளிகாவத்தையிலிருந்து:
பழைய சோனகத் தெருவில் வாப்பாட கடையில நின்டு வளர்ந்தவன் நான். வெள்ளவத்தை நானா செஞ்ச வேலையத்தான் வாற ஆக்கள்ல பாதிப்பேர் செய்யிற. இப்ப போன்ல ஃபோட்டோ காட்டுறாங்க. ஃபோட்டோவுல சைஸ் விளங்குமா? சாமானையே கழட்டிக் கொண்டு வாங்க.

இன்னொன்டு, ஒழுகாம இருக்க மரையில சுத்துற த்ரெட் டேப். மரையின்ட முனையப் பார்த்துக்கொண்டு வலப்பக்கமாச் சுத்தணும். மறுபக்கமாச் சுத்தினா, இறுக்கக்குள்ள டேப் சுருண்டு வெளிய வந்துரும். அதுக்குப் பிறகு எங்கட டேப் சரியில்லன்டு எங்களுக்கே ஏச்சு. பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பானர் போடவேணாம், கை இறுக்கம் போதும். கால் திருப்புல தொறக்கிற புது மாதிரிப் பைப்புக்கு வொஷர் தேடி வாறவங்களும் இருக்காங்க. அதுக்குள்ள இருக்கிறது செரமிக் கார்ட்ரிட்ஜ், முழுசா மாத்தத்தான் வேணும்.

தெஹிவளையிலிருந்து:
நாங்கள் நல்லூர்த் தேருக்குப் போயிருந்த நேரம் கொமோட் பக்கத்து ஹான்ட் ஷவரின் ஹோஸ் வெடித்துவிட்டது. சுவர் வால்வைத் திறந்தபடியே விட்டது எங்கள் பிழை. கைப்பிடியை விட்டால் தண்ணீர் நிற்கும்தான், ஆனால் ஹோஸுக்குள் அழுத்தம் இரவும் பகலும் இருக்கும். கீழ்வீட்டு அக்காவின் சீலிங் ஊறி, அவ கோல் எடுத்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். தேர் பார்த்த புண்ணியம் எல்லாம் பெயின்ட்காரருக்குப் போனது. இப்ப பாவித்து முடிய வால்வைப் பூட்டச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மாமா மட்டும் இன்னும் பூட்டுவதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
ஒழுகல் இல்லை, எனக்கு நாற்றம். விருந்தாளிகளுக்கென்று விட்ட பாத்ரூம், மாதக்கணக்கில் யாரும் போவதில்லை. குழி அடைத்திருக்கும் என்று நினைத்து அசிட் ஊற்றினேன். நாற்றம் அப்படியே இருந்தது. சரி, குளோரொக்ஸ் ப்ளீச்சையும் ஊற்றுவோம் என்று ஊற்ற, கண்ணும் தொண்டையும் எரிந்து வெளியே ஓடி வந்தேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், வேலை நேரம் ஞாபகம் வரவில்லை. கடைசியில் பார்த்தால், தரைக் குழிக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீர்தான் கீழே கழிவுப் பைப்பிலிருந்து வரும் காற்றை மறிக்கிறது. இப்ப ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன்.

மீண்டும் வெள்ளவத்தை:
தெஹிவளைக் கதையை வாசித்ததும் எழும்பிப் போய் எங்கள் ஹோஸைப் பார்த்தேன். பின்னலுக்கு வெளியே ஒரு இடத்தில் கம்பி தெரிகிறது, நாளைக்கே மாற்றுவேன். ஆனால் அதன் சுவர் வால்வு வருஷக்கணக்காகத் திருப்பாமல் இறுகிப்போயிருக்கிறது. பலத்தைக் காட்டி, டைல்ஸுக்குள் பைப்பை முறிக்க எனக்கு விருப்பமில்லை, அதற்குப் பாஸ்தான் வேண்டும். சொன்ன நாளில் வருகிற ஒருவர் யாருக்காவது தெரிந்தால் நம்பரைத் தனியாக அனுப்புங்கோ.